நிறுத்தி வைத்த விமானமும் நிறுத்த முடியாத பறவைகளும்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். மறுபடி வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. எழுதியவர் மன்னாரைச் சொந்த ஊராகக் கொண்டு இப்போது புத்தளம் பக்கத்தில் வசிக்கும் ஒரு சகோதரி. அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில், பொதுமக்கள் பார்ப்பதற்காகத் திறந்த வெளியில் நிறுத்தி வைத்திருக்கும் பழைய விமானங்களைக் கழுவித் துடைக்கும் வேலையில் இருக்கிறார். இடத்தின் பெயர் நமக்கு வேண்டாம். "விமானத்தில் ஏறிப் போனவரை அங்கே விமானம் கழுவ வைத்துவிட்டார்கள்" என்று சகோதரி எழுதியிருக்கிறார். இன்று கழுவினால் நாளை காலையில் காகமும் புறாவும் மைனாவும் இறக்கையிலும் முதுகிலும் எச்சமிட்டு வைத்திருக்கின்றனவாம். வாலில் உள்ள ஒரு துவாரத்துக்குள் மைனா கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டதாம். மேற்பார்வையாளர் ஒவ்வொரு நாளும் ஏசுகிறார். கடைசியில், தானியத்தில் நஞ்சு கலந்து வை என்று சொல்லிவிட்டார்.

நஞ்சு வைக்கலாமா? மறுத்தால் அடுத்த வருட ஒப்பந்தம் என்னாகும்? வேறு வழி உண்டா? எச்சம் தெறித்த உடுப்போடு தொழுகை கூடுமா? இவைதாம் சகோதரியின் கேள்விகள்.

முதலாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: கூடாது. ஆனால் கூடாது என்று மட்டும் எழுதி உறையை ஒட்டிவிட்டால், அந்த மனிதருடைய வேலை போகும்போது அவருடைய பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? ஒரு வழியை அடைக்கச் சொல்கிறவன் மற்றொரு வழியைத் திறந்து காட்டவும் வேண்டும். அதனால் விமானப் பராமரிப்பில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன், கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பறவைகளைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் எழுதுவது உயிலங்குளத்திலிருந்து. ஒரு பக்கம் கட்டுக்கரைக் குளமும் அதன் கீழ் வயல்களும். இன்னொரு பக்கம் வங்காலைக் கடற்கரை. அந்தக் கரையை 2008ஆம் ஆண்டில் அரசாங்கம் பறவைச் சரணாலயமாக அறிவித்தது. 2010இல் அது ரம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மாரியில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்திறங்கும்போது எங்கள் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பின் கதி என்னவென்று எங்கள் பெண்களைக் கேளுங்கள்.

எச்சம் விமானத்துக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பார்க்க அசிங்கம் என்பது அதில் மிகச் சிறிய பங்கு. பறவைக்கு நம்மைப்போல் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தில் சுண்ணாம்பு போல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் அதன் சிறுநீர். யூரிக் அமிலம் என்ற பொருள் அதில் பசையாக வெளிவருகிறது. தண்ணீரில் இலேசில் கரையாத பொருள் அது. ஒரு மழைக்குப் போய்விடாது, இருந்த இடத்திலேயே இருக்கும்.

பழைய விமானங்களின் உடம்பு பெரும்பாலும் அலுமினியம். உறுதிக்காகச் சிறிது செம்பும் வேறு சிலவும் கலந்திருப்பார்கள். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று தானாகவே உண்டாகிறது. அதற்குப் பாதுகாப்பு அந்தப் படலந்தான். புளிப்பு அதைக் கரைக்கும், உப்பு அதைத் துளைக்கும், சாம்பல் போன்ற காரமும் அதை அரிக்கும். இதற்குச் சாட்சி உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. புளி விட்ட மீனாணத்தை அலுமினியச் சட்டியில் இராமுழுக்க வைத்துவிட்டுக் காலையில் சட்டியின் அடியைப் பாருங்கள். கறுத்துப் போய், ஊசி குத்தினாற்போல் சிறு குழிகள் தெரியும். நம் உம்மாமார் புளியாணத்துக்கு மண்சட்டியைத் தேடியது சும்மா அல்ல. விமானத் தகட்டில் செம்பு கலந்திருப்பதால் அது சட்டியைவிடச் சீக்கிரம் குழி விழும். அதற்காகத்தான் மேலே தூய அலுமினியம் ஒரு படையும் வர்ணமும் பூசுகிறார்கள்.

எச்சம் அந்த வர்ணத்தை உடைக்கிற விதம் தனி. நண்பகல் வெயிலில் தகடு கொதிக்கும்போது வர்ணம் இளகி விரிகிறது. அதன் மேல் விழுந்த எச்சமோ காய்ந்து இறுகுகிறது. மாலையில் தகடு குளிரும்போது வர்ணம் அந்தக் கரடுமுரடான கட்டியின் வடிவத்துக்கே படிந்து சுருங்குகிறது. பிறகு நீங்கள் எச்சத்தைக் கழுவி எடுத்தாலும் அதன் அடையாளம் வர்ணத்தில் பள்ளமாக நிற்கும். பள்ளத்தில் பனிநீர் தங்கும், பனிநீரில் கடலுப்புக் கரையும், உப்புநீர் ஆணித் தலைகளின் ஓரத்தால் உள்ளே இறங்கும். இரும்பின் துரு சிவப்பு, நாம் கண்டு பிடித்துவிடுவோம். அலுமினியத்தின் துரு வெள்ளைப் பொடி. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அதுவும் எச்சம் போலவே தெரியும். கழுவிப் போகாத வெள்ளை எதுவோ அதுதான் உண்மையான சேதம் என்று என் உறவினர் சொன்னார்.

பறக்கும் விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் யாராவது சுற்றிப் பார்க்கிறார்கள். காட்சிக்கு வைத்த விமானத்தை அப்படி யார் பார்ப்பது? அது நின்ற இடத்தில் நின்றே கரைகிறது.

ஒரு பழைய தகரத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறவர்களுக்கு, எங்கள் கடலுக்கு அக்கரையில் பிறந்த ஒருவருடைய கதை இருக்கிறது. இராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, 1954ஆம் ஆண்டில் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. கட்டணம் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபா. வாப்பாவிடம் அவ்வளவு பணமில்லை. சகோதரி ஸொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தக் கல்லூரி வளவில், பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்களை மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் விடுதிக்குப் போன பிறகும் இவர் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அதன் பிறகுதான் விமானப் பொறியியலை எடுத்தார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் தம் வரலாற்றில் எழுதி வைத்த செய்தி இது. ஸொஹராவின் வளையல் பாதி வேலை செய்தது என்றால் மீதிப் பாதியைச் செய்தவை அந்த இரண்டு பழைய விமானங்கள் என்றே நான் நினைக்கிறேன். எச்சத்தின் கீழ் மூடுண்டு கண்ணாடி மங்கிப் போன விமானத்தின் பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்காரும்?

நம் நாட்டிலும் இத்தகையவை உண்டு. இரத்மலானையில் 1935 நவம்பர் 27இல் முதன்முதல் இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்தது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் தன் முதல் பயணத்தை அங்கிருந்து தொடங்கியது. டகோட்டா விமானம், காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. அதே இரத்மலானையில் விமானப்படையின் அருங்காட்சியகம் 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டகோட்டா ஒன்று அங்கேயும் இருக்கிறது. இந்தியாவில் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகம் 1998இல் திறந்தது. அங்கே பெரிய விமானங்கள் வெட்டவெளியில்தான் நிற்கின்றன. இவற்றையெல்லாம் விடப் பெரியது விசாகப்பட்டினக் கடற்கரை வீதியில் நிற்கும் டியு-142. ரஷ்யாவில் செய்தது, ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 50 மீற்றர். 1988இலிருந்து 29 வருடங்கள் கடலைக் கண்காணித்து, 2017 மார்ச் 29ஆம் திகதி தமிழ்நாட்டு அரக்கோணத்தில் ஓய்வு பெற்று, அந்த வருட முடிவில் கடற்கரைக் காட்சிக்கு வந்தது. அது குடியிருந்த அரக்கோணம் தளத்தின் பெயர் ராஜாளி. பறவைகளுக்கெல்லாம் ராஜாவின் பெயர். என்ன செய்ய, காகத்துக்குப் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாது.

ஐம்பது மீற்றர் இறக்கையைக் கூரைக்குள் வைப்பதற்கு எவ்வளவு பெரிய கூரை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய விமானங்கள் வெளியில் நிற்பதற்கு அதுதான் காரணம். அலட்சியம் என்று உடனே குற்றம் சொல்லிவிட முடியாது. சார்ஜாவில் 1932இல் உண்டான பழைய விமான நிலையத்தை மஹத்தா என்ற பெயரில் அருங்காட்சியகமாக்கியவர்கள் தம் விமானங்களைக் கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள். விமானம் சிறியது, கொட்டகை இருந்தது, முடிந்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது.

இனி வழிகளுக்கு வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வெருட்டுவது. பிளாஸ்ரிக் ஆந்தை, மினுங்கும் நாடா, பெரிய கண் வரைந்த பலூன், பருந்தின் சத்தத்தைப் பதிந்து போடும் கருவி என்று கடையில் பலதும் விற்கிறார்கள். எங்கள் வயல்களில் வெருளி கட்டுகிறவர்களைக் கேட்டால் அதன் ஆயுளைச் சரியாகச் சொல்வார்கள். முதல் நாள் கிளி கிட்டவும் வராது. இரண்டாம் நாள் வரம்பில் இருந்து நோட்டம் பார்க்கும். ஒரு கிழமைக்குள் காகம் வெருளியின் தோளிலேயே உட்கார்ந்து இளைப்பாறும். அசையாத எதற்கும் பறவை நெடுநாள் பயப்படாது. ஒரே மாதிரி ஒரே நேரத்தில் வரும் சத்தத்துக்கும் அப்படித்தான். முக்கியமான விருந்தாளி வரும் நாளுக்கு முன் இரண்டு மூன்று நாள் கட்டி வைத்தால் பயன் தரலாம், அதற்கு மேல் காசு வீண்.

பறவை ஏன் விமானத்துக்கு வருகிறது? உயரமான இருக்கை, மழைபடாத பொந்து, பக்கத்தில் சாப்பாடு. இந்த மூன்றில் ஒன்றுக்காகவே வருகிறது. மூன்றையும் இல்லாமல் செய்தால் விரட்ட வேண்டியதே இல்லை.

மூன்றிலும் மலிவானது சாப்பாட்டை நிறுத்துவது. காட்சி பார்க்க வருகிறவர்கள் விமானத்தின் நிழலில் உட்கார்ந்து பார்சல் அவிழ்க்கிறார்கள். சோறும் ரொட்டித் துண்டும் சிந்துகின்றன. குப்பை வாளிக்கு மூடி இல்லை. சாப்பிடும் இடத்தை விமானங்களிலிருந்து எட்டத்தில் ஒதுக்கி, மூடி போட்ட வாளி வைத்து, மாலையில் வாளியை வெறுமையாக்கினாலே காகக் கூட்டம் பாதியாகக் குறையும். தண்ணீர் தேங்கும் பள்ளமும் அப்படித்தான். பாலைவன நாட்டில் ஒரு சொட்டு ஒழுகும் குழாய் பறவைக்குப் பெரிய நிஃமத். இந்த வேலைக்கு மேற்பார்வையாளரின் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை, ஆகவே சகோதரியின் கணவர் இதிலிருந்தே தொடங்கட்டும்.

பொந்தை அடைப்பது அடுத்தது, அதிகப் பலன் தருவதும் அதுவே. இயந்திரத்தின் முன்வாய், பின்வாய், சக்கரம் மடங்கும் அறை, வாலின் இடுக்கு இவையெல்லாம் மைனாவுக்கும் சிட்டுக்கும் வாடகையில்லா வீடு. உள்ளே திணிக்கும் வைக்கோலும் கந்தலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடியிலுள்ள வடிகால் துவாரங்களை அடைக்கும். மழைநீர் உள்ளே தேங்கி வெளியே தெரியாமல் அரிக்கும். முட்டையைத் தேடி எலியும் பாம்பும் வந்து சேரும். பெரிய வாய்களுக்கு அளவெடுத்துச் செய்த மூடி போட வேண்டும். சிறிய இடுக்குகளுக்குத் துருப்பிடிக்காத கம்பிவலை போதும். ஆனால் வடிகால் துவாரங்களை ஒருபோதும் அடைக்கக் கூடாது, வலை மட்டும் போட வேண்டும். காற்றும் நீரும் போகட்டும், பறவை போகக் கூடாது.

வலையின் கண் அளவு முக்கியம், அதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். புறாவைத் தடுக்க 50 மில்லிமீற்றர் கண் போதும். மைனா அளவுப் பறவைக்கு 28 மில்லிமீற்றர். ஊர்க்குருவிக்கு 19 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. புறாவுக்கு வாங்கிய வலையைப் போட்டுவிட்டுக் குருவி உள்ளே வருகிறதே என்று பிறகு கவலைப்பட்டு என்ன பயன்? வலையை வீணைத் தந்தி போல் இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாகக் கிடந்தால் பறவை சிக்கிக் கிடந்து சாகும், அந்தப் பாவமும் நாற்றமும் மிச்சம்.

ஒரு சின்னத் துவாரம் என்ன செய்துவிடும் என்று நினைப்போருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். 1996 பெப்ரவரி 6இல் டொமினிக்கன் குடியரசில் போயிங் 757 ஒன்று புறப்பட்டுச் சில நிமிடங்களில் கடலில் விழுந்து 189 பேரும் மௌத்தானார்கள். வேகத்தை அளக்கும் சிறு குழாய் ஒன்று அடைபட்டு, விமானிக்குப் பிழையான வேகம் காட்டியிருக்கிறது. விமானம் பல நாட்கள் நின்றபோது அந்தக் குழாய்க்கு உறை போடாமல் விட்டிருந்தார்கள். மண்கூடு கட்டும் குளவி உள்ளே கட்டியிருக்கலாம் என்பதுதான் விசாரணையாளர்களின் சந்தேகம். காட்சி விமானம் பறக்கப் போவதில்லை, உண்மை. ஆனாலும் நிற்கும் விமானத்தின் வாய்களை மூடு என்பது பறப்பதற்கும் நிற்பதற்கும் ஒரே சட்டம்.

மூன்றாவது, இருக்கை. வாலின் உச்சி, முதுகின் நடுக்கோடு, இறக்கையின் முன் விளிம்பு. காகமும் புறாவும் தேடுவது இந்த மூன்று இடங்களையும்தான். நம் மீனவர்கள் வலைக்குப் பாவிக்கும் தங்கூசியை, அல்லது மெல்லிய எவர்சில்வர் கம்பியை, அந்த விளிம்புக்குச் சில அங்குலம் மேலே இழுத்துக் கட்டினால் பறவையால் கால் ஊன்றி நிற்க முடியாது. எட்ட நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கம்பி தெரியாது. முள்வரிசை வைப்பதும் உண்டு. ஆனால் பழைய விமானத்தில் எதற்காகவும் புதிதாகத் துளை போடக் கூடாது, பிறகு கழற்றக்கூடிய விதத்தில் ஒட்டவோ கட்டவோ வேண்டும். பிசின் போன்ற ஒரு பசை விற்கிறார்கள். அதை வாங்கவே வேண்டாம். வெயிலில் உருகி வழிந்து தூசியைப் பிடிக்கும். சின்னக் குருவியின் இறகில் பட்டால் அது பறக்க முடியாமல் துடித்துச் சாகும்.

கூரை போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூரையின் குறுக்குக் கம்பிகள் புறாவுக்கு விமானத்தைவிட நல்ல இருக்கை. விமானத்துக்கு நேர் மேலே இருந்து எச்சமிடும், கழுவிவிட மழையும் உள்ளே வராது. ஆகவே கூரை போடுகிறவர்கள் அதே நாளில் குறுக்குக் கம்பிகளுக்குக் கீழே வலையும் கட்ட வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடுவதும் இப்படித்தான். காற்றுப் போகாத பாய் உள்ளே வியர்க்க வைக்கும், காற்றில் அடித்து வர்ணத்தைத் தேய்க்கும். நல்லது செய்வதாக நினைத்து விமானத்தை அவித்துவிடுவார்கள்.

இப்போது நஞ்சுக்கு வருகிறேன். காகத்தையும் பருந்தையும் கொல்ல அனுமதிக்கப்பட்ட தீங்கு தரும் பிராணிகளோடு சேர்த்துச் சொல்லும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே, மௌலவி அதை மறைக்கிறாரா என்று சில சகோதரிகள் கேட்பீர்கள். மறைக்கவில்லை. ஆனால் தானியத்தில் கலந்த நஞ்சு, வந்தது காகமா என்று பார்த்துவிட்டா கொல்கிறது? புறா தின்னும், சிட்டு தின்னும். செத்த புறாவைப் பூனை தின்னும். கொல்லக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹுத்ஹுத் பறவை இருக்கிறதே, எங்கள் மன்னார்ப் பனங்காணிகளில் கொண்டையை விரித்துக்கொண்டு திரியும் கொண்டலாத்தி, அது வளைகுடாவிலும் உண்டு. நஞ்சுண்ட பூச்சியையும் புழுவையும் அது கொத்தினால் யார் பொறுப்பு? அனுமதி ஒரு பிராணிக்கு, நஞ்சு ஒரு வட்டாரத்துக்கே.

இன்னொரு ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய் அவர்களின் தலைக்கு மேல் சிறகடித்துச் சுற்றியது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருந்தச் செய்தவர் யார் என்று விசாரித்து, திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். வாலின் துவாரத்திலுள்ள மைனாக் கூட்டுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. மைனாக் குஞ்சு பொரித்து மூன்று நான்கு கிழமைகளில் பறந்துவிடும். அதுவரை பொறுக்க வேண்டும். பறந்த பிறகு விளக்கடித்து உள்ளே எதுவும் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, கூட்டை எடுத்துக் கழுவி, அன்றே வலை போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அடுத்த முட்டை வந்துவிடும்; மைனா ஒரே பருவத்தில் திரும்பவும் கூடு வைக்கும் பறவை.

மார்க்கத்தை ஒரு பக்கம் வைத்துக் கணக்காகப் பார்த்தாலும் நஞ்சு தோற்ற வேலை. இருக்கையும் பொந்தும் சாப்பாடும் அப்படியே இருக்கும்போது நூறு பறவை செத்தால் அந்த இடத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து நூறு வரும். நம் காகமும் மைனாவும் வளைகுடாவுக்குப் போன கதை தெரியுமல்லவா? காகம் கப்பலேறிப் போனது, மைனா கூட்டில் வளர்க்கக் கொண்டுபோன இடத்தில் தப்பிப் பெருகியது. விசா இல்லாமல் போய் நம்மவர்களைவிட நன்றாகக் குடியேறியவை அவை. நஞ்சுக்கா முடியும்? சட்டத்தையும் மறக்க வேண்டாம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைப் பாதுகாக்கிறது. வெளிநாட்டில் கூலிக்குப் போனவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிரச்சினை வந்தால் சொன்ன வாய் விலகிவிடும், வைத்த கை மட்டும் அகப்படும். சகோதரியின் கணவர் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டாம். "நஞ்சால் பறவை செத்து இயந்திர வாய்க்குள் விழுந்து நாறினால் பார்வையாளர் வரமாட்டார்கள், எனக்கு வலையும் கம்பியும் வாங்கித் தாருங்கள், ஒரேயொரு விமானத்தில் இரண்டு மாதம் செய்து காட்டுகிறேன்" என்று சொல்லட்டும். கையில் கணக்கோடு வருகிற தொழிலாளியை ஏசுவது கடினம். தினமும் கழுவும் தண்ணீரும் கூலியும் எவ்வளவு, ஒரு முறை வலை போடும் செலவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கழுவும் முறையில் அவருடைய உடல்நலம் அடங்கியிருக்கிறது, ஆகவே சகோதரி இந்தப் பகுதியைத் தொலைபேசியில் வாசித்தே காட்ட வேண்டும். காய்ந்த எச்சத்தை ஒருபோதும் தும்புத்தடியால் கூட்டவோ சுரண்டவோ கூடாது. அதன் தூசியில் நோய்க் கிருமிகளும் பூஞ்சணமும் இருக்கலாம். மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் நியூமோனியா போல் காய்ச்சலும் இருமலும் வரும். காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் பறவை எச்சம் கழுவும் வேலை என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் பார்ப்பார். முதலில் ஈரத் துணியைப் போட்டு ஊற வைத்து, பிறகு துடைக்க வேண்டும். முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் முகக்கவசமும் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். வாய்க்குக் கட்டும் லேஞ்சி இதற்குப் போதாது.

தண்ணீரை மென்மையாக விட வேண்டும். வேகக் குழாயால் அடித்தால் பொருத்துகளின் இடுக்கு வழியே அழுக்கும் நீரும் உள்ளே போய்த் தங்கும். காரமில்லாத மென்மையான சவர்க்காரம் போதும். பித்தளைக் குடத்துக்குப் போடுவது போல் தேசிக்காய், புளி, சாம்பல் எதையும் அலுமினியத்தில் வைக்கக் கூடாது. எச்சம் செய்த வேலையை நாமே செய்து முடித்ததாகும். ஜன்னல்கள் கண்ணாடி போல் தெரிந்தாலும் பல விமானங்களில் அவை ஒருவகைப் பிளாஸ்ரிக். எச்சத்தில் மணல் துகள் இருக்கும், உலர்ந்த துணியால் துடைத்தால் கீறி என்றைக்கும் மங்கிவிடும். கழுவுவதற்கு நல்ல நேரம் சுபஹுக்குப் பின் வெயில் ஏறுமுன். தகடும் குளிர்ந்திருக்கும், மனிதனும் தப்புவான். புதிய எச்சத்தை அன்றன்றே எடுத்துவிட்டால் ஊற வைக்கும் வேலையே குறைவு.

என் உறவினர் கடைசியாகச் சொன்னதை முதலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு முக்கியம் அது. இந்த வேலையில் எச்சத்தைவிட விழுவதே பெரிய ஆபத்து. சவர்க்கார நீர் பட்ட இறக்கை நனைந்த பாசிப்படி. அதன் மேல் ஏறி நிற்கவே கூடாது. சில இடங்களில் மிதிக்காதே என்று எழுதியும் இருக்கும்; அது தகட்டைக் காக்க எழுதியது, ஆனால் காலையும் காக்கும். சக்கரம் வைத்த மேடையோ நல்ல ஏணியோ வேண்டும், உயரத்தில் இடுப்பில் பாதுகாப்புப் பட்டி கட்ட வேண்டும், கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

உடுப்பும் தொழுகையும் மிச்சம். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பறவையின் எச்சம் நஜீஸ். ஹனபி மத்ஹபில் புறா, சிட்டு போன்றவற்றின் எச்சத்தில் சலுகை உண்டு. ஷாபிஈயிலும், தவிர்க்க முடியாதபடி பரவிக் கிடக்கும் பள்ளிவாசல் தரையில், எச்சமோ காலோ ஈரமாக இல்லாமலும் வேண்டுமென்று மிதிக்காமலும் இருந்தால் மன்னிக்கப்படும் என்று இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். மக்கத்து ஹரமின் புறாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை விளங்கும். ஆனால் தினமும் எட்டு மணித்தியாலம் எச்சத்தோடு நிற்கும் தொழிலாளி சலுகையைத் தேடிக் கஷ்டப்படுவதைவிட, வேலை உடுப்பு வேறு, தொழும் உடுப்பு வேறு என்று பிரித்துக்கொள்வது இலேசு. சுத்தமான சாரம் ஒன்றும் சட்டை ஒன்றும் பொலித்தீன் பையில் சுற்றி வேலைத்தலத்தில் வைத்துக்கொள்ளட்டும். ளுஹருக்கு முன் கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு உளூச் செய்யட்டும். எச்சம் பட்ட உடுப்பில் பொருளும் வாடையும் போகும்வரை கழுவ வேண்டும். நன்றாகக் கழுவிய பிறகும் மங்கலாக நிற்கும் கறை மன்னிக்கப்பட்டது, அதைத் தேய்த்துத் தேய்த்து உடுப்பைக் கிழிக்க வேண்டாம். வேலை உடுப்பை அறைக்குக் கொண்டுவந்து மற்றவர்களின் உடுப்போடு சேர்த்துப் போடாமல், தனி வாளியில் ஊற வைப்பது அறையில் இருக்கும் தோழர்களுக்கும் நல்லது.